கடாரத்து ஏடுகளும் வீடற்றோரும்

கடாரம் என்ற பெயரைக் கேட்டதும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு இராசேந்திர சோழன் நினைவே முதலில் எழும். ஏறத்தாழ 1025-இல் அவன் கடல் கடந்து பெற்ற வெற்றியை அவனது மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் கொண்டார். பூசாங் பள்ளத்தாக்கின் பழங்கட்டட அடித்தளங்களைக் காண மாணவரை அழைத்துச் செல்கின்றோம். ஆயின், அதற்கு அணித்தாயுள்ள பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் பால்மரம் சீவி வாழ்ந்தோருள் முதுமையில் வீடின்றி நின்றவர் எத்தனை பேர் என்று வினவினால், விடை கூறும் ஏடு எது? அவ்வினாவின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

மக்களைப் பெயர் பெயராகப் பதியும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரையும் இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு என்று வரிசைப்படுத்துகின்றது. இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். அப்பட்டியலில் பெயரைத் தாங்கி நிற்பது வீடு. வீடு இல்லாதவர் பெயரை எங்கே எழுதுவது? ஒன்பது நூற்றாண்டுகள் கழித்துத் தோட்டங்களிலும் இதே வினா எழுந்தது.

1909-இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கு மாறியது. தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கிராணியார் செக்ரோலில் குறிப்பார். செக்ரோலில் பெயர் இருந்தால் கூலி உண்டு. கூலிக்காரனுக்கு லயத்தில் ஓர் அறை உண்டு. வேலை போயிற்றெனின் பெயரும் போயிற்று, அறையும் போயிற்று. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டமையே தோட்டத் தமிழரின் வீடின்மைக்கு வேர் என்னலாம்.

அரசாங்கக் கணக்கும் இவ்வழியே சென்றது. மலாயாவில் 1907-இல் அமைந்த குடியேற்றக் குழு, முதலாளிமாரிடம் வரி திரட்டித் தென்னாட்டிலிருந்து தொழிலாளரை வருவித்தது. வரி விதிக்க ஆட்கணக்கு வேண்டியிருந்தது. ஆகவே கணக்கு எழுதினர். 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, அதே நிதியிலிருந்து வேலையற்றோரைத் தாயகத்திற்குக் கப்பலேற்றினர். கப்பலேறியவர் கணக்கில் உண்டு. ஏறாமல் நகரத்துக் கடை வாயில்களில் ஒதுங்கியவர் அக்கணக்கிற்குப் புறம்பானார்.

1942-க்கும் 1945-க்கும் இடையே சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியலும் பெயர் பொறித்த கல்லறைகளும் உள. மாண்ட தமிழ்த் தொழிலாளர் தொகையையோ ஆராய்ச்சியாளர் இன்றும் வெவ்வேறாகவே கூறுவர். எழுதப்படாத பெயர் எவ்வாறு மறைந்தொழியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

விடுதலைக் காலத்தை ஒட்டி மற்றோர் இடர் வந்தது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அசீஸ் ஆராய்ந்து வெளியிட்டார். இதற்கு மாற்றாக 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அது முதன்முதல் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. செக்ரோலில் கூலியாக இருந்த பெயர், சங்க ஏட்டில் பங்குதாரராக ஏறிற்று. ஏடு அதே தாள்தான். அதில் மனிதனுக்கு வழங்கிய தகுதியே வேறு.

இக்காலத்து நிலை யாது? 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், பிழைப்பும் தங்குமிடமும் இன்றிப் பொதுவிடத்தில் திரிவோரைச் சமூக நல அதிகாரி அழைத்துச் செல்ல இடந்தருகின்றது. நீதிமன்ற ஆணையின்படி மூன்றாண்டு வரை நல இல்லத்தில் வைக்கலாம். பிடிக்கும்போது பெயர் எழுதுவர் என்பது உண்மையே. வறியோர்க்கென அமைந்த இ-காசிஹ் என்னும் நாட்டுத் தரவேடோ குடும்பத் தலைவரை அடிப்படையாகக் கொண்டது. குடும்பமும் கூரையும் அற்றவர் அதனுள் புகுவது அரிது. தஞ்சைக் கல்வெட்டில் கண்ட அதே குறை இங்கும் தொடர்கின்றது.

இக்குறையைத் தீர்க்கும் வழி பிற நாட்டில் காணப்பட்டுள்ளது. அமெரிக்காவில் உள்ளூர் அமைப்புகள் வீடற்றோர்க்குச் செய்யும் உதவிகளைக் கணினி ஏட்டில் பதிவதற்கு 2004-இல் பொது விதிகள் வெளியாயின. அங்கே பதிவின் அடிப்படை வீடன்று, ஆள். ஒருவருக்கு ஒரே பதிவு. அவர் எங்கே தங்கினார், என்ன உதவி பெற்றார், பின் எங்கே சென்றார் என்பவை அதனுடன் சேரும். இஃது இல்லையேல், மருத்துவமனையும் கோயில் அன்னதானமும் நகராட்சியும் ஒருவரையே மூவராக எண்ணும். எவரிடமும் செல்லாதவரை எவருமே எண்ணார்.

அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் நகராட்சிகள் இத்தகைய ஏட்டைத் தொடங்குமாயின், ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளல் நலம். எழுதுவது பிடிப்பதற்கா, காப்பதற்கா? பிடிப்பதற்கெனின் வீடற்றவர் ஏட்டைக் கண்டு ஓடுவர். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். கட்டடம் மாறவில்லை, நோக்கம் மாறிற்று. ஏட்டிற்கும் அம்மாற்றமே வேண்டும். அவரவர் இசைவு பெற்று எழுதுதலும், எழுதியதைப் பிறர் கையில் சிக்காமற் காத்தலும் அதன் முதற் கடமைகள்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மூடிய தோட்டங்களின் லயங்கள் இடிந்தன, செக்ரோல்கள் செல்லரித்தன. தோட்டப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் இன்னும் சில பேழைகளில் உள்ளன. பிறப்புச் சான்றின்றி, அடையாள அட்டையின்றித் தவிக்கும் முதியவர்க்கு, தந்தை பெயருடன் தம் பெயர் எழுதப்பட்ட அந்த ஒரு வரி துணையாகலாம். பூசாங் பள்ளத்தாக்குக் கற்களைக் காப்பது போன்றே அவ்வேடுகளையும் காத்தல் நம் கடன்.