ஓடும் தறியில் அட்டை மாற்றலாமா?

எடப்பாடி, இளம்பிள்ளை வட்டாரத்தில் தறிக்கூடங்களைப் பார்த்தவர்கள், சில தறிகளின் உச்சியில் ஒரு பெட்டியையும் அதிலிருந்து மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் கண்டிருப்பார்கள். அதுவே ஜக்கார்டு பெட்டி. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய பொறியின் வழிவந்தது அது. எந்தப் பாவு இழை உயர வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானிக்கின்றன. கரையோ புட்டாவோ மாற வேண்டுமானால் தறியைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. அட்டையை மாற்றினால் போதும். ஆனால் மாற்றி முடிக்கும்வரை தறி நிற்க வேண்டும்.

இதே சிக்கல் கணிப்பொறி உலகிலும் எழுந்தது. அங்கே மாற்ற வேண்டியிருந்தது புட்டா அன்று, மொழி.

பொறிக்குள் சிக்கிய சொற்கள்

தொடக்க கால மென்பொருள்கள் பலவற்றில், திரையில் தோன்றும் சொற்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. ஒரு சொல்லைத் திருத்தவும் நிரல் எழுதுபவர் ஒருவர் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 'கெட்டெக்ஸ்ட்' என்னும் முறை உருவாயிற்று. 1995இல் குனூ திட்டம் இதே முறையில் தன் மென்பொருளை வெளியிட்டது. இம்முறையில் நிரல், ஆங்கில வாசகத்தைத் திறவுகோலாகக் கொண்டு தனிக் கோப்பு ஒன்றில் தேடும். அங்கே தமிழ் இருந்தால் தமிழைக் காட்டும். இல்லையேல் ஆங்கிலத்தையே காட்டும். சொல் வேறு, பொறி வேறு என்றாயிற்று. மொழி அறிந்தவர் நிரலைத் தொடாமலே திருத்தும் வழி பிறந்தது.

ஆயினும் ஒரு குறை நின்றது. இயங்கும் நிரல், கோப்பை முன்பே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். புதிய சொல் தோன்ற வேண்டுமானால் நிரலை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் இது எளிது. இரவு பகலாக மக்கள் வந்துபோகும் வலைத்தளத்தில் எப்படிச் செய்வது?

தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவம்

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்ந்துவந்த இலங்கைத் தமிழர் இ. மயூரநாதன் அவற்றுள் பெரும்பகுதியைத் தமிழாக்கினார்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. கட்டளைச் சொற்களைத் தரவுத்தளத்தில் வைத்து, தளம் ஓடும்போதே நிர்வாகிகள் திருத்தும் வசதி அதற்கு வந்தது. எனினும் விக்கிப்பீடியாவில் செய்த திருத்தம் விக்சனரிக்குப் போகாது. ஒவ்வொரு தறியிலும் ஒரே அட்டையைத் தனித்தனியாகத் திருத்துவது போன்றது இது.

இதற்கு மாற்றாக, பின்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கிய 'டிரான்ஸ்லேட்விக்கி' தளத்தில் பல மொழியினரும் ஒரே இடத்தில் மொழிபெயர்க்கலாயினர். ஆனால் மென்பொருளின் அடுத்த பதிப்பு ஏற்றப்படும்வரை திருத்தம் மக்களைச் சென்றடையவில்லை. 2009இல் இதற்கு விடையாக 'லோக்கலைசேஷன் அப்டேட்' என்னும் இணைப்பு வந்தது. அது நிரலை விட்டுவிட்டு, புதிய மொழிபெயர்ப்புகளை மட்டும் கொண்டுவந்து தளத்தில் சேர்த்தது. தறி நிற்கவில்லை, அட்டை மட்டும் மாறிற்று!

காவல் எங்கே?

வேகம் மட்டும் போதுமா? போதாது. மூல ஆங்கில வாசகம் இடையில் மாறியிருந்தால், அதன் மொழிபெயர்ப்பு ஓடும் தளத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே இரு பக்கத்து ஆங்கில வாசகங்களையும் அந்த இணைப்பு ஒப்பிட்டது. அவை ஒன்றாக இருந்தால் மட்டுமே தமிழை ஏற்றது.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 2016, 2017ஆம் ஆண்டுகளில் விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பொத்தானில் 'பக்கத்தைச் சேமி' என்னும் பொருள்படும் சொற்கள் நீக்கப்பட்டு, 'வெளியிடு' என்னும் பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. 'சேமி' என்றதும், தமக்காக மட்டும் சேமிப்பதாகச் சிலர் எண்ணிவிட்டனர். உண்மையில் அவர்கள் எழுதியது உடனே உலகின் கண்ணில் படும். ஆங்கிலம் மாறியபின் தமிழில் 'சேமி' மட்டும் நின்றுவிட்டால் என்னாகும்? எடப்பாடிப் பள்ளி மாணவர் ஒருவர், அரைகுறையாக எழுதியதை அறியாமலே வெளியிட்டுவிடுவார். ஆங்கிலம் அறிந்தவருக்குக் கிடைத்த எச்சரிக்கை அவருக்குக் கிடைத்திருக்காது.

பின்னாளில் மீடியாவிக்கியின் புதிய பதிப்பையே வாரந்தோறும் ஏற்றும் வழக்கம் விக்கிமீடியா தளங்களில் ஏற்பட்டது, காத்திருப்பும் குறைந்தது. முறைகள் மாறலாம். ஆனால் அட்டையும் தறியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கண் என்றும் தேவை. நெசவாளர் இதை நன்கு அறிவார்: ஓர் அட்டை இடம் மாறினாலும் பிழை சேலையில்தான் தெரியும்.