இடிபாட்டுச் செடி: வடகடலோரக் குறுங்கோடையும் குட்டைக் கஞ்சாவும்

1924-ஆம் ஆண்டு, வோல்கா ஆற்றங்கரை நகரமான சரதோவின் பல்கலைக்கழக வெளியீடு ஒன்றில், திமித்ரி யானிஷெவ்ஸ்கி என்னும் தாவரவியலாளர் அப்பகுதியில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு குட்டைச் செடியை விவரித்தார். நார்க்காகப் பயிரிடப்படும் கஞ்சாவைப் போல அது ஆளுயரத்தைக் கடந்து வளர்வதில்லை. விதை சிறியது, அதன் தோலில் பளிங்குக் கல்லில் காண்பது போன்ற கோலம். விதையின் அடியில் சிறு கொழுப்புத் திரட்சி ஒன்று இருந்தது. அதை நாடி வரும் ஒரு சிவப்பு நிறப் பூச்சி விதையை இழுத்துச் சென்று வேறிடத்தில் போட்டது. முற்றியதும் விதை தானாக உதிர்ந்தது. உதிர்ந்தவை அனைத்தும் ஒரே பருவத்தில் முளைக்கவுமில்லை. உழவரின் கை படாமலே வாழத் தெரிந்த இச்செடிக்கு அவர் இட்ட பெயர் கன்னபிஸ் ருடெராலிஸ். இடிந்த கட்டடத்தின் கற்குவியலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். தமிழில் 'இடிபாட்டுச் செடி' எனலாம்.

இதற்கு முன் இப்பேரினத்துக்கு இரண்டு பெயர்கள் நிலைபெற்றிருந்தன. 1753-இல் லின்னேயஸ் இட்ட 'சதிவா' விதைக்கப்பட்டது எனப் பொருள்படும். 1785-இல் லமார்க் இட்ட 'இண்டிகா', இந்தியாவிலிருந்து சொன்னரா கொண்டுசென்ற செடிகளைக் கண்டு எழுந்தது. முதற்பெயரில் உழவு இருக்கிறது, இரண்டாவதில் ஒரு நாடு இருக்கிறது, மூன்றாவதில் இருப்பது குப்பைமேடு. அறிவியல் பெயர்கள் எவ்விதச் சார்புமற்ற அடையாளச் சீட்டுகள் என்று மாணவர்க்குச் சொல்லித் தரப்படுகிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அக்கூற்றை ஏற்பது கடினம். (தமிழ்ப் பெயர்களும் குழப்பத்துக்கு விலக்கல்ல. மொழிபெயர்ப்புகளில் 'ஹெம்ப்' என்பது பெரும்பாலும் 'சணல்' ஆகிவிடுகிறது. நாம் சணல் என்று கோணிப்பைக்குப் பயன்படுத்துவதும், வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பும், கஞ்சாவோடு எவ்வகையிலும் உறவற்ற வேறு குடும்பச் செடிகள்.)

குப்பைமேட்டுச் செடியின் அருமையை உணர, ஒரு நாளின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். கஞ்சா குறும்பகல் தாவரம். பகல் சுருங்கத் தொடங்கிய பின்னரே பூக்கும். 1912-இல் பிரான்சு நாட்டவரான ஜூலியன் துர்னுவா இதைக் கஞ்சாவிலும் ஹாப்ஸ் கொடியிலும் கண்டறிந்தார். முதல் உலகப் போர் அவர் உயிரைப் பறித்தது. 1920-இல் கார்னர், அல்லார்டு எனும் அமெரிக்கர் இருவர் ஒளிக்கால உணர்வு என்ற கோட்பாட்டை நிறுவினர். இன்றைய பாடநூல்களில் நிலைத்த பெயர்கள் அவர்களுடையவையே.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். பால்டிக் கடலோரத்து ஹெல்சிங்கியில் ஜூன் மாதத்தில் அது ஏறத்தாழ 19 மணி நேரம். அங்கே பகல் 14 மணி நேரமாகச் சுருங்க ஆகஸ்டு முடிந்துவிடும். தெற்கத்திய வகையொன்றை அந்நிலத்தில் விதைத்தால், கோடை முழுவதும் அது பூக்காமல் உயர்ந்துகொண்டே போகும். பூக்கத் தொடங்கும்போது உறைபனி வாசலில் நிற்கும். நார் வேண்டுவோர்க்கு அதில் இழப்பில்லை. ரீகா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகங்கள் வழியாகப் பிரிட்டனின் கப்பற்படைக்குக் கயிறாகப் போன கஞ்சா நெடிதுயர்ந்த வகையே. ஆனால் விதை முற்றாது. அடுத்த ஆண்டு விதைப்புக்கு வெளியூரை எதிர்பார்க்க வேண்டும். இத்துடன் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மூன்று மீட்டர் உயரத் தண்டின் உச்சியில் விதைக்கொத்து கனத்தால், ஒரே இரவுக் காற்றில் வயல் சாய்ந்துவிடும். விதைக்காகவும் எண்ணெய்க்காகவும் கஞ்சா வளர்க்க விரும்பும் வடகடலோர உழவனுக்கு வேண்டியது குட்டையாக நின்று, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல், விரைவில் முற்றும் செடி.

அத்தகைய நாட்டுவகைகள் வடக்கு ருசியாவில் உருவாகியிருந்தன. அவற்றை உருவாக்கியோர் கல்விக்கூடம் காணாதவர்கள். உறைபனிக்கு முன் எது விதை தந்ததோ அதையே மறு ஆண்டுக்கு எடுத்து வைத்தார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. பல தலைமுறைகளின் இந்தத் தெரிவே விரைவாகப் பூக்கும் பண்பை அவ்வகைகளில் நிலைநிறுத்தியது. அவற்றையும் யானிஷெவ்ஸ்கியின் செடியையும் ஒன்றெனக் கொள்வது, பலர் செய்யும் பிழை. ஒன்று பயிர், மற்றது களை. விரைவு மட்டுமே இரண்டுக்கும் பொது. களையிலிருந்து பயிர் வந்ததா, பயிர் காடேறிக் களையானதா என்ற வழக்கும் இன்னும் ஓயவில்லை. நாடோடிகளின் தங்கலிடங்களில் சேரும் எருவளத்தைத் தொடர்ந்து காட்டுக் கஞ்சா மனிதனின் பின்னே வந்தது என்று 1926-இல் நிகொலாய் வவிலோவ் எழுதினார். 1976-இல் ஸ்மால், குரோன்குவிஸ்ட் இருவரும் அனைத்தையும் ஒரே சிற்றினத்துள் அடக்கியபோது, ருடெராலிஸ் தனிச் சிற்றினத் தகுதியை இழந்தது.

வவிலோவின் பெயர் இவ்வரலாற்றில் மற்றொரு வகையிலும் இடம்பெறுகிறது. அவர் தலைமையில் லெனின்கிராடு பயிர்நிறுவனம் உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கான விதை மாதிரிகளைத் திரட்டியது. 1940-இல் அவர் கைது செய்யப்பட்டார். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை நீண்ட முற்றுகையில் லெனின்கிராடு பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, நெல்லும் நிலக்கடலையும் கோதுமையும் நிறைந்த அறைகளில் இருந்த ஆய்வாளர்கள் அவற்றை உண்ண மறுத்தனர். நிலக்கடலைத் தொகுப்பைக் காத்த ஷுகின், நெல் தொகுப்பைக் காத்த இவானோவ் உள்ளிட்ட பலர் பசியால் இறந்தனர். வவிலோவ் 1943 ஜனவரியில் சிறையில் உயிர்நீத்தார். அந்தச் சிறை இருந்த ஊர் சரதோவ். அவர் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்ததும், இடிபாட்டுச் செடி பெயர் பெற்றதும் அதே ஊரில்தான்.

அந்த நிறுவனத்தின் தொகுப்பிலிருந்த வடபுலக் கஞ்சா மாதிரிகள் இரண்டு, 313, 315 என்ற எண்களுக்குரியவை. 1995-இல் பின்லாந்தில் ஜேஸ் கால்அவே, துவோமஸ் ஹெம்மிலா இருவரும் அவற்றிலிருந்து ஒரு புதுவகையை உருவாக்கி, இடைப்பட்ட எண்ணையே இட்டு ஃபின்-314 என்றனர். இன்று அது ஃபினோலா. உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். பகல் எவ்வளவு நீண்டாலும் விதைத்து ஏறத்தாழ நான்கு வாரங்களில் பூக்கத் தொடங்கும். தானியம் அறுக்கும் இயந்திரத்தாலேயே அதை அறுவடை செய்யலாம். போதைப் பொருளின் அளவு மிகக் குறைவு. 1998-இல் கனடா தொழிற்பயன் கஞ்சாவுக்கு மீண்டும் அனுமதி வழங்கியபின், அங்குள்ள குறுங்கோடைச் சமவெளிகளுக்கும் இந்தக் குட்டை எண்ணெய்வித்து பரவியது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பகலைச் சாராமல் பூக்கும் இதே பண்பைப் போதை வகைகளில் சேர்த்து 'லோரைடர்' என்னும் குள்ள வகை சந்தைக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்களை விற்கும் விதை வணிகர்களின் பட்டியல்களில், 'ருடெராலிஸ்' ஒரு விளம்பரச் சொல்லாகப் பெருமையுடன் அச்சாகிறது. ஃபினோலாவின் குறிப்புகளில் உருவாக்கியோர் பெயர்களும் பெற்றோர் எண்களும் காணப்படுகின்றன. 313-க்கும் 315-க்கும் உரிய விதைகளைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்தோரின் ஊர்ப்பெயர் அக்குறிப்புகளில் காணப்படுவதில்லை.