பூட்டில்லாத சாவி

பூட்டே இல்லாத இடத்தில் சாவிக்கு என்ன வேலை?

பியானோவின் கட்டை வரிசையைப் பிரெஞ்சு மக்கள் ‘கிளாவியே’ என்பர்; செருமானியர் பியானோவையே ‘கிளாவியர்’ என்பர். இரண்டுக்கும் தாய், ‘கிளாவிஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள், சாவி!

இடைக்கால ஐரோப்பிய இசைநூலார், சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளைச் ‘சாவி’ என்றனர். இசையேட்டின் பொருளைத் திறந்து காட்டுபவை அல்லவா அவை? ஆர்கன் கருவியின் கட்டைகள்மீதும் அவ்வெழுத்துகளைப் பொறித்தனர். எழுத்தின் பெயர் கட்டைக்கு ஒட்டிக்கொண்டது. கட்டையின் பெயர் கருவிக்கே ஆயிற்று. 1722-இல் பாக் தம் இசைத்தொகுப்புக்குச் சூட்டிய பெயரில் ‘கிளாவியர்’, கட்டையுள்ள கருவி எதனையும் குறித்தது. பின்னர் செருமானியரிடையே அது பியானோ ஒன்றையே குறிக்கலாயிற்று.

தமிழகத்தில் நடந்ததோ தலைகீழ்! 1842-இல் பாரிசு நகரில் டெபெய்ன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் கடல் கடந்து இங்கு வந்தது. விரல் அழுத்தும் மரத்துண்டை நம் மக்கள் ‘கட்டை’ என்றனர். பிறகு குரலின் சுருதியையே ‘ஐந்து கட்டை’ என்று அளந்தனர். அங்கே சுரத்தின் பெயர் கட்டைக்குச் சென்றது. இங்கே கட்டையின் பெயர் சுருதிக்குச் சென்றது.

சொல்லுக்குப் பொருளை வானம் வழங்கவில்லை, தோழர்களே! கட்டையைச் செதுக்கிய கையும், அதனை அழுத்திய விரலும், அழைத்த நாவுமே வழங்கின. எனவே, எச்சொல்லையும் வணங்குமுன் வரலாற்றைக் கேளுங்கள். அதுவே உண்மையைத் திறக்கும் சாவி!