நாள் குறிக்காத விசாரணை பிறந்த கதை

அமெரிக்காவில் உடம்பு முடியாமல் வேலையை விட்ட ஒருவர் அரசிடம் இயலாமை உதவித்தொகை கேட்கிறார். மறுத்துவிடுகிறார்கள். நீதிபதியிடம் மேல்முறையீடு செய்கிறார். 2017-ஆம் நிதியாண்டில் அப்படிப்பட்டவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தது சராசரியாக 605 நாள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது வரிசையில் இருந்தார்கள். நீதிபதிகள் போதவில்லை, நிதி ஒதுக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தக் காத்திருப்பின் வேர் அதைவிட ஆழத்தில் இருக்கிறது.

1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் உழைத்தவர்களுக்கு முதுமைக்கால ஓய்வூதியம் தந்தது. இடையில் உடம்பு ஒடிந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை. 1939-இல் வந்த திருத்தம், பணம் மறுக்கப்பட்டவர் விசாரணை கேட்கலாம் என்று உரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டே அதற்கென்று நடுவர்களை நியமித்தார்கள். அவர்கள் முன் வந்தவை வயது எத்தனை, சம்பளம் எவ்வளவு பதிவாகியிருக்கிறது, இவர் சட்டப்படி மனைவியா என்பது போன்ற கேள்விகள். ஒரு பிறப்புச் சான்றிதழோ சம்பளக் கணக்கோ கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும்.

இயலாமைக்கும் பணம் தரலாம் என்ற முடிவு 1956-இல்தான் வந்தது. செனட்டில் 47-க்கு 45 என்ற வாக்கில், இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அது தப்பிப் பிழைத்தது. செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்று எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த, 50 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்றார்கள். இயலாமை என்பதன் வரையறையையும் இறுக்கினார்கள்: பழைய வேலையைச் செய்ய முடியவில்லை என்பது போதாது, குறிப்பிடத்தக்க வருமானம் தரும் எந்த வேலையையும் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டவரின் மேல்முறையீட்டில் இதை விசாரிக்கப் புதிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. மாட்டு வண்டிக்குச் செய்த அச்சின் மேல் லாரியை ஏற்றியதுபோல, வயதையும் சம்பளத்தையும் பார்க்க அமைத்த அதே விசாரணையிடம் முதுகுவலியையும் இதயநோயையும் மனச்சோர்வையும் ஒப்படைத்தார்கள். 1960-இல் 50 வயது வரம்பு போனது. 1974 முதல் வேலை வரலாறே இல்லாத ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் இரண்டும் வந்து சேர்ந்தது அதே வாசலில்.

அந்த விசாரணை அறைக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நேரில் நடக்கும்போது பெரிய நீதிமன்றம் ஒன்றும் கிடையாது, சின்ன அறைதான். ஒரு நீதிபதி, மனுதாரர், இருந்தால் அவருடைய வழக்கறிஞர், ஒலிப்பதிவு, தொழில் நிபுணர் ஒருவர். அரசுத் தரப்பில் வாதாட ஆளில்லை. நீதிபதி நிபுணரைக் கேட்பார்: இந்த வயது, இந்தப் படிப்பு, பத்து பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, இப்படிப்பட்டவருக்கு நாட்டில் ஏதாவது வேலை உண்டா? 2024 வரை கொட்டைகளைத் தரம் பிரிக்கும் வேலை என்பதுபோல ஒன்றைக்கூட நிபுணர் சொல்வதுண்டு. அவர் புரட்டும் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவரை காகிதத்தை மட்டும் பார்த்து மறுத்து வந்த அமைப்பு, மனுதாரரின் முகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் அவர் ஓரளவுக்கு மேல் சம்பாதித்தால், வேலை செய்ய முடிகிறதே என்று அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும். சம்பாதிக்காவிட்டால் வாடகை இல்லை. மருத்துவ அறிக்கைகள் பழையதாகிவிடும், புதிதாக எடுக்கக் கையில் காசு இருக்காது. உணவோ மருந்தோ கூரையோ இல்லாத நிலை வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், வழக்கை முன்னால் எடுக்க வழி உண்டு. வீதிக்கு வரும் நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்து வரிசையில் முந்த வேண்டும் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெயித்தால் நிலுவை மொத்தமாக வந்துவிடுமே என்பார்கள். 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அந்த நினைப்பில்தான் இருந்தது. இயலாமைப் பணம் பெற்றுவந்து அது நிறுத்தப்பட்ட ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் என்பவரின் வழக்கில், விசாரணைக்கு முன்பே இயலாமைப் பணத்தை நிறுத்தலாம் என்று நீதிபதி லூயிஸ் பவல் எழுதினார். பணம் நின்ற நாளிலிருந்து இறுதி முடிவு வர ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்பதும் அதே தீர்ப்பிலேயே இருக்கிறது. மாறுபட்ட நீதிபதி பிரென்னன் எல்ட்ரிட்ஜுக்கு நடந்ததைப் பதிவு செய்தார்: வீடு கடனுக்குப் போனது, தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிப்போனார்கள், அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். பின்னால் வரும் நிலுவை அந்த வீட்டை மீட்டுத் தராது.

காத்திருப்புக்கு எல்லை கட்டும் வாய்ப்பு 1984-இல் ஒருமுறை வந்து கைநழுவியது. வெர்மாண்ட் மாநில மனுதாரர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். விசாரணை கேட்ட 90 நாளுக்குள் நடத்து, முடியாவிட்டால் இடைக்காலப் பணம் கொடு என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. எழுதியவர் அதே பவல். மருத்துவ விஷயத்தில் அவசரப்பட்டால் தரம் கெடும் என்று கருதி நாடாளுமன்றமே கெடு வைக்க மறுத்திருக்கிறது, நாங்கள் எப்படி வைப்பது என்பது வாதம். ஒரு நீதிபதி இந்தப் பக்கம் வந்திருந்தால் கதை வேறு.

அரசின் தணிக்கை அலுவலகம் 2020-இல் கணக்குச் சொன்னது: 2008 முதல் 2019 வரையான நிதியாண்டுகளில் மேல்முறையீடு செய்தவர்களில் 1,09,725 பேர் இறுதி முடிவு வருமுன் இறந்துபோனார்கள். 2014 முதல் 2019 வரை சுமார் 48,000 பேர் காத்திருந்தபடியே திவாலானார்கள். 2017-க்குப் பிறகு காத்திருப்பு குறைந்துவந்தது, 2020-இல் பெருந்தொற்று தொலைபேசி விசாரணையைக் கொண்டுவந்த பிறகும் குறைந்தது. 2023-ஆம் நிதியாண்டில் மறுபடி ஓராண்டைத் தாண்டியது. நீதிபதிகளைக் கூட்டினால் குறைவதும் விட்டால் ஏறுவதுமாக அது இருக்கிறது, ஏனென்றால் மீறுவதற்கு ஒரு கெடுவே இல்லை.

தரம் கெடும் என்ற கவலையை நான் தள்ளவில்லை. 90 நாள் போதாதென்றால் 180 நாள் வையுங்கள். தாண்டினால் இடைக்காலப் பணம் கொடுங்கள். கெடு வைக்க நாடாளுமன்றத்துக்குத் தெரியாமலும் இல்லை. ஏழைகளுக்கான அந்த 1974-ஆம் ஆண்டுத் திட்டத்தின் சட்டத்தில், விசாரணை கேட்ட 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது: பிரச்சினை இயலாமை பற்றியதாக இருந்தால் அந்தக் கெடு பொருந்தாது. அந்த விலக்கை எடுக்க வேண்டும்.