பெரிய பெயரா, பொருத்தமான பெயரா? 1974 சொன்ன பதில்

சனிக்கிழமை இரவு எந்த நாசி கண்டார் கடையிலாவது தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள். இங்கிலாந்து லீக் ஆட்டம் முடிந்த மறுநிமிடம் ஒருவர் ஆரம்பிப்பார்: "இந்த நிர்வாகியை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. அவரைக் கொண்டு வந்தால்தான் நம் குழு தேறும்." எதிர்மேசைக்காரர் வேறொரு பெயரைச் சொல்வார். தே தாரிக் ஆறிப்போகும். வாதம் ஆறாது.

இந்த வாதங்களில் அடிபடுவதெல்லாம் பெரிய பெயர்கள்தான். பல கிண்ணங்களை வென்றவர், தொலைக்காட்சியில் அடிக்கடி பேசுபவர் என்று பட்டியல் நீளும். ஆனால், பெரிய பெயரும் பொருத்தமான பெயரும் ஒன்றுதானா? இதற்கு 1974ஆம் ஆண்டிலேயே ஒரு தெளிவான பதில் கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு லீக் பட்டத்தை வென்றது லீட்ஸ் யுனைடெட். இரண்டாம் இடம் லிவர்பூலுக்கு. ஜூலை மாதத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டு குழுக்களுமே தங்களை உருவாக்கிய நிர்வாகிகளை இழந்தன. ஒரு குழு வீட்டுக்குள்ளேயே ஆளைத் தேடியது. மற்றொன்று நாடே பேசிக்கொண்டிருந்த ஒருவரைத் தேடிப் போனது.

நம்ப மறுத்த நகரம்

1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி பொறுப்பேற்றபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. அவர் அதை மேலே தூக்கிவிட்டார். 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம். 1965, 1974 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணம். 1974 மே மாத இறுதி ஆட்டத்தில் நியூகாசலை 3-0 என்று வீழ்த்தி இரண்டு மாதம்தான் சற்றே கடந்திருந்தது. ஜூலை 12ஆம் தேதி, 60 வயது ஷாங்க்லி விலகுவதாக அறிவித்தார்.

அன்று தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் லிவர்பூல் தெருவில் இறங்கி மக்களிடம் செய்தியைச் சொன்னார். சிறுவர்கள் கூட நம்பவில்லை. விளையாட்டாகச் சொல்கிறார் என்றே நினைத்தார்கள். அந்தப் படக்காட்சி இன்றும் இருக்கிறது. ஒரு நிர்வாகியின் விலகல் ஒரு நகரத்தையே எப்படி உலுக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அவருடைய நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? லிவர்பூல் நிர்வாகம் கைகாட்டியது, ஷாங்க்லியின் உதவியாளர் பாப் பெய்ஸ்லியை. 55 வயது. டர்ஹம் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1939இல் ஆட்டக்காரராக லிவர்பூலில் சேர்ந்தவர், அந்த வாசலை விட்டு வெளியே போகவே இல்லை. ஆட்டம் ஓய்ந்த பிறகு உடற்சிகிச்சை கற்றுக்கொண்டு, ஆட்டக்காரர்களின் காயத்தைக் கவனித்து வந்தார். ஒருவர் ஓடும் விதத்தைப் பார்த்தே எந்தத் தசையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆன்ஃபீல்டில் காலணிகள் வைக்கும் சிற்றறையில் உட்கார்ந்து ஷாங்க்லியோடு ஆட்டத்தை அலசிய சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர்.

மேடைப் பேச்சு அவருக்கு வராது. பதவியையும் அவர் கேட்கவில்லை. ஷாங்க்லியின் மனத்தை மாற்றத்தான் முயன்றார். முடியாமல் போகவே, தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

எதிரியே நிர்வாகியானால்?

லீட்ஸில் டான் ரேவி 1961 முதல் 13 ஆண்டுகள் நிர்வாகியாக இருந்தார். ஆட்டக்காரர்களுக்கு அவர் தந்தை மாதிரி. அவர் இங்கிலாந்து தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றுப் போகும்போது, மூத்த ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸின் பெயரைப் பரிந்துரைத்தார். குழுத் தலைமை கேட்கவில்லை. அது தேர்ந்தெடுத்தது பிரயன் கிளஃப்பை.

கிளஃப்பின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாம் பிரிவில் இருந்த டார்பி கவுன்டியை மேலே கொண்டுவந்து, 1972இல் லீக் வெற்றியாளராக்கியவர். வயது 39தான். பேச்சில் நெருப்பு. ஆனால் அந்த நெருப்பு பல ஆண்டுகளாக லீட்ஸை நோக்கியே வீசப்பட்டது. ரேவியின் குழு முரட்டுத்தனமாக ஆடுகிறது, ஏமாற்றுகிறது என்று சொல்லிவந்தவர் அவர். லீட்ஸை இரண்டாம் பிரிவுக்கு இறக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியவரும் அவரே.

அதோடு, அவருடைய வலது கையான பீட்டர் டெய்லர் கூட வரவில்லை. ஆட்டக்காரர்களை அடையாளம் காணும் கண் டெய்லருக்கு உண்டு. அவர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். கிளஃப் தனியாக லீட்ஸுக்குள் நுழைந்தார். வந்த சில நாட்களிலேயே, பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள், அவை நேர்மையாக வென்றவை அல்ல என்று நாட்டின் வெற்றியாளர்களிடம் சொன்னார். ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே, பெரியவர்கள் சேர்த்த சொத்தெல்லாம் திருட்டுச் சொத்து என்றால் அந்த வீடு எப்படி அவரை ஏற்கும்?

வெம்ப்ளியில் ஒரு பிற்பகல்

ஆகஸ்ட் 10ஆம் தேதி அறக்கேடயப் போட்டி. லிவர்பூலைக் கடைசி முறையாகத் திடலுக்கு அழைத்து வந்தவர் ஷாங்க்லி. லீட்ஸுக்கு முன்னால் நடந்து வந்தவர் கிளஃப். லிவர்பூலின் கெவின் கீகனும் லீட்ஸ் தலைவர் பில்லி பிரெம்னரும் கைகலந்து, இருவருமே வெளியேற்றப்பட்டார்கள். 1-1 என்று சமநிலையில் முடிந்த ஆட்டத்தை லிவர்பூல் பினால்டியில் வென்றது.

இருவருக்கும் நீண்ட தடை. கீகன் இல்லாததை லிவர்பூல் சமாளித்தது. பிரெம்னர் இல்லாத லீட்ஸ் தள்ளாடியது. அவருடைய இடத்தில், டார்பியிலிருந்து தாம் அழைத்து வந்த ஜான் மெக்கவர்னைக் கிளஃப் இறக்கினார். லீட்ஸ் ரசிகர்கள் அந்த மனிதரைக் கேலிக் கூச்சலிட்டு நோகடித்தார்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. செப்டம்பர் 12ஆம் தேதி கிளஃப் நீக்கப்பட்டார். மொத்தம் 44 நாட்கள்!

அன்றிரவே யார்க்‌ஷயர் தொலைக்காட்சி கிளஃப்பையும் ரேவியையும் ஒரே அரங்கில் எதிரெதிரே உட்கார வைத்தது. தாம் கட்டிய குடும்பத்தைப் பற்றி ஒருவர் பேசினார். அந்தக் குடும்பத்துக்குள் நுழைய முடியாமல் போனதைப் பற்றி மற்றவர் பேசினார். தோல்விக்கான காரணம் அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிட்டது.

கிண்ணமே இல்லாத முதல் ஆண்டு

பெய்ஸ்லிக்கும் எடுத்த எடுப்பிலேயே வெற்றி கிடைக்கவில்லை. ஷாங்க்லி பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் பழக்கதோஷத்தில் அவரையே முதலாளி என்று அழைத்தார்கள். முதல் பருவத்தில் ஒரு கிண்ணம் கூட இல்லை. லீக்கில் மீண்டும் இரண்டாம் இடம்தான்.

ஆனால் அவர் வீட்டை இடிக்கவில்லை. இருந்த சுவர்களை வைத்துக்கொண்டே சிறு மாற்றங்கள் செய்தார். ஷாங்க்லி கடைசியாக வாங்கிய ரே கென்னடி ஒரு தாக்குதல் ஆட்டக்காரர். அவரைப் பெய்ஸ்லி இடப்புற நடுத்திடலுக்கு மாற்றினார். அங்கே கென்னடி மலர்ந்தார். 1983இல் ஓய்வு பெறும்போது பெய்ஸ்லியின் கணக்கில் ஆறு லீக் பட்டங்கள். 1977, 1978, 1981 என மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள். முதல் பருவத்தோடு அவரை அனுப்பியிருந்தால் இதில் ஒன்றையாவது லிவர்பூல் ரசிகர்கள் கண்டிருப்பார்களா?

அப்படியென்றால் கிளஃப் மோசமான நிர்வாகியா? இல்லவே இல்லை. 1975 ஜனவரியில், இரண்டாம் பிரிவில் தடுமாறிய நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். 1976இல் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1977இல் குழு முதல் பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே லீக் பட்டம். 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணம். அந்தப் பயணத்தில் முதல் சுற்றிலேயே அவர்கள் வெளியேற்றியது யாரை? பெய்ஸ்லியின் லிவர்பூலை! இரண்டு முறையும் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த தலைவர், லீட்ஸில் கேலிக்கு ஆளான அதே ஜான் மெக்கவர்ன்.

மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்து யாரும் பெண் கொடுப்பதில்லை. பொருத்தமும் பார்க்கிறோம். ஒரு குழுவுக்கும் அதுவே பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரர்கள் யார், அவர்களை வளர்த்தவர் யார், வருபவர் அதை மதிப்பாரா, அவரோடு கூட வருபவர் யார், அவருக்கு எத்தனை காலம் கொடுக்கப்படும்? அடுத்த சனிக்கிழமை பெயரைச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்விகளை மேசையில் வைத்துப் பாருங்கள். நாற்காலிக்கு ஏற்ற ஆள், ஒருவேளை அந்தக் காலணி அறையிலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கக்கூடும்.