அலைக்கு முன்னே வரும் மணியோசை

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் நாட்டுப் பழமொழி. தெருவில் விளையாடும் சிறுவர் அந்த ஓசையைக் கேட்ட அளவிலே ஒதுங்கி நின்றுகொள்வர். கடலலைக்கு அத்தகைய மணி உண்டா? வரும் வாரத்தில் ஒரு கடற்கரையில் எந்நாளில் அலை உயரும், எத்துணை உயரும், எந்நாளில் தணியும் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? பெரும்பாலும் இயலும் என்பதே அறிவியல் இன்று தரும் விடை. அந்த விடையை மனிதன் பெற்ற வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம். அரசர்களும் படைத்தலைவர்களும் நிறைந்த நம் வரலாற்று நூல்களில் அலைக்கெனத் தனி அதிகாரம் இல்லை. ஆயினும் பேரரசுகளின் படையெடுப்பு ஒன்று அலையின் உயரத்தை எதிர்பார்த்துக் காத்து நின்ற நாளும் வரலாற்றில் உண்டு.

கடலோர மக்கள் காற்றை நன்கு அறிந்தவர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயர் சூட்டி, எக்காற்றில் கடலுக்குச் செல்லலாம், எக்காற்றில் கரையில் தங்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்தவர்கள். ஆனால் இவ்வறிவு கண்ணுக்கு எட்டும் வானத்தையும் மேனியில் படும் காற்றையும் கொண்டு பெற்றதாகும். அடிவானத்திற்கு அப்பால் நிகழ்வதை உடனே அறிதற்குத் தந்தி தோன்ற வேண்டியிருந்தது.

1859-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவினருகே புயலில் சிக்கி உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பிரிட்டிஷ் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரே. ஓரிடத்தில் புயல் தோன்றிய செய்தியைத் தந்தி வழியாக மற்றோரிடத்திற்கு அனுப்பினால், புயல் சென்று சேருமுன் செய்தி சென்று சேரும் என்பதை அவர் உணர்ந்தார். 1861-இல் துறைமுகங்களில் கூம்பு வடிவ அடையாளங்களை ஏற்றிப் புயல் எச்சரிக்கை விடுக்கும் முறை தொடங்கிற்று. நம் துறைமுகங்களில் ஏற்றப்பெறும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இம்மரபைச் சார்ந்ததே.

எனினும் இக்கூண்டு காற்றைப் பற்றிய செய்தி. காற்றே வீசாத நாளில் கரையில் வந்து மோதும் பேரலையைப் பற்றி அது ஒன்றும் கூறாது. அலையைத் தனியே கணிக்கும் கலைக்கு மேலும் எண்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. அதனைத் தோற்றுவித்தது இரண்டாம் உலகப்போர்.

1942-ஆம் ஆண்டில் நேச நாடுகள் வட ஆப்பிரிக்காவில் படைகளை இறக்கத் திட்டமிட்டன. மொராக்கோவின் அட்லாண்டிக் கரை திறந்த கரை. குளிர்காலத்தில் அங்குப் பேரலைகள் எழுவது வழக்கம். வீரர்களை ஏற்றிச் செல்லும் தட்டையான படகுகளோ, அலை ஓரளவு உயர்ந்தாலே பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஒத்திகையின்போதே இத்தகைய இடர்கள் நேர்ந்ததை அறிந்தார் வால்டர் மங்க் என்னும் இளைஞர். இவர் 1917-இல் வியன்னா நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கலிபோர்னியாவின் லா ஹோயா என்னும் ஊரிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் மாணவர். அந்நிறுவனத்தின் இயக்குநரும் தம் ஆசிரியருமான ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பை அவர் நாடினார். நார்வே நாட்டவரான ஸ்வெர்ட்ரூப், அமுண்ட்சென் மேற்கொண்ட 'மாட்' கப்பற் பயணத்தில் ஆர்க்டிக் கடற்பகுதியில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி நடத்தியவர். ஆசிரியரும் மாணவரும் இணைந்து, அலையைக் கணக்கிடும் முறையொன்றை வகுத்தனர்.

அம்முறையின் அடிப்படை எளியது. கடலில் எழும் அலையை மூன்று பொருள்கள் உருவாக்குகின்றன. முதலாவது, காற்றின் வேகம். இரண்டாவது, அக்காற்று எத்தனை மணிநேரம் வீசிற்று என்பது. மூன்றாவது, தடையின்றி அது எத்துணைத் தொலைவு நீர்ப்பரப்பின்மீது வீசிற்று என்பது. குளத்தில் எத்துணைப் பெருங்காற்று வீசினும் கடலலை எழாமைக்குக் காரணம் இம்மூன்றாவதே. வானிலைப் படத்திலிருந்து இம்மூன்றையும் அறிந்தால், புயற்களத்தில் எழும் அலையின் உயரத்தைக் கணக்கிடலாம். அது தொலைவிலுள்ள கரையை அடையும் நேரத்தையும் கணக்கிடலாம்.

அலையின் உயரம் என்பது எதனைக் குறிக்கும்? கடலில் எல்லா அலைகளும் ஒரே உயரமுடையன அல்ல. ஆகவே, எழும் அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியையே அலையுயரம் எனக் கொண்டனர். கடலில் பழகிய படகோட்டிகள் கண்ணால் மதிப்பிட்டுக் கூறும் உயரத்திற்கு இது நெருங்கியிருந்தது. இன்றும் வானிலை அறிக்கைகளில் இவ்வழக்கமே நிலவுகிறது. எனவே அலையுயரம் 2 மீட்டர் என அறிக்கை கூறுமாயின், 2 மீட்டருக்குமேல் அலையே வாராது எனப் பொருள்கொள்ளல் ஆகாது. இடையிடையே அதனினும் உயர்ந்தவை வரும்; அரிதாக ஓர் அலை ஏறத்தாழ இருமடங்கு உயரத்துடனும் வரலாம். கடற்கரைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதிக்கவேண்டிய செய்தி இது.

மொராக்கோவில் படையிறங்கிய 1942 நவம்பர் 8 அன்று கடல் ஓரளவு அமைதியாக இருந்தது. ஆயினும் பல படகுகள் கரையலையில் மோதிச் சேதமுற்றன. அலைக்கணிப்பின் இன்றியமையாமை அதனால் மேலும் விளங்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட படை அதிகாரிகள் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் இக்கலையைப் பயின்றனர். அவர்களுள் சிலர் லண்டனில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் அமர்ந்து, பிரெஞ்சு நாட்டின் நார்மண்டிக் கரைக்கு அலைக்கணிப்புத் தயாரித்தனர்.

1944 ஜூன் மாதம் வந்தது. ஜூன் 5 படையிறக்கத்திற்குக் குறிக்கப்பட்ட நாள். நிலவொளியும், விடியற்காலைத் தாழ்ந்த நீர்மட்டமும் ஒருங்கே அமையும் நாள்கள் மாதத்தில் மிகச் சிலவே. ஆனால் அட்லாண்டிக்கில் அடுத்தடுத்துப் புயல்கள் கிளம்பின. தலைமை வானிலை அறிஞர் ஜேம்ஸ் ஸ்டாக், 5-ஆம் நாள் தகாது என்றார், நாள் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் ஜூன் 4 மாலையில், இரண்டு புயல்களுக்கிடையே சிறிதளவு தணிவு உண்டு எனக் கண்டு கூறினார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்னுமிடத்திலிருந்து வந்த வானிலைக் குறிப்புகள் அம்முடிவுக்குத் துணைநின்றன. தளபதி ஐசன்ஹோவர் அதனை ஏற்றார். ஜூன் 6 அன்று ஏறத்தாழ 1,56,000 வீரர்கள் நார்மண்டியில் இறங்கினர். இத்தகைய வானிலையில் எவரும் வாரார் எனக் கருதிய ஜெர்மானியத் தளபதி ரோம்மெல், மனைவியின் பிறந்தநாளுக்காகத் தம் இல்லம் சென்றிருந்தார்!

கணிப்பு வென்றது, ஆனால் கடல் அடங்கிவிடவில்லை. ஓமஹா எனப் பெயரிட்ட கடற்கரைப் பகுதியில் ஒரு படைப்பிரிவு நீரில் இறக்கிய 29 மிதக்கும் டாங்கிகளுள் 27 மூழ்கின. அவை தாங்கக்கூடிய அலையினும் அன்றைய அலை பெரிது. மற்றொன்றும் நினைக்கத்தக்கது. ஜூன் 6-ஐத் தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்தே கிட்டியிருக்கும். அந்நாள்களில், ஜூன் 19 முதல் 22 வரை, கடும்புயல் வீசி ஓமஹாவில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்துவிட்டது. ஒரு நாளைக் குறித்த கணிப்பு எத்துணை உயிர்களைத் தாங்கி நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

போர் முடிந்தது, மங்க் தம் ஆராய்ச்சியை முடிக்கவில்லை. கலிபோர்னியாவின் கோடைக்கால அலைகள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினாவை எழுப்பினார். மெக்சிகோவைச் சேர்ந்த குவாதலூப் தீவருகே கருவிகள் அமைத்துப் பார்த்தபோது, அவற்றுட் சில தென் பசிபிக்கையும் கடந்து, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்தே வருவது புலனாயிற்று. 1963-இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை, 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுவழியில் கருவிகள் நிறுவப்பட்டன. மங்க் குடும்பத்துடன் சமோவாத் தீவில் தங்கி அலைகளை அளந்தார். தென்கோடியில் பிறந்த அலைகள், புயற்களத்தைவிட்டு நீங்கியபின் மிகச் சிறிதளவே ஆற்றல் இழந்து, வடகோடிவரை செல்லுகின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 101 வயதுவரை வாழ்ந்த இப்பேரறிஞர் 2019-இல் மறைந்தார்.

இங்கேதான் நாம் தேடிய மணியோசை உள்ளது. ஆழ்கடலில் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. இரண்டு முகடுகளுக்கிடையே 20 விநாடி இடைவெளியுள்ள நெடிய அலைத்தொகுதி மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் செல்லும். 15 விநாடி இடைவெளியுள்ளது 42 கிலோமீட்டரே செல்லும். 7,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் தோன்றியதெனக் கொள்வோம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: முதலது ஏறத்தாழ 5 நாளில் வந்து சேரும், அடுத்தது ஏறத்தாழ 7 நாளில் வந்து சேரும். ஆகவே முதலில் நெடிய, தாழ்ந்த அலைகள் ஒன்றிரண்டாகத் தோன்றும். வலிமை மிக்கவை பின்னே தொடரும். முன்னவை அடித்துச் செல்வதே மணி.

அவ்வாறாயின் அடுத்துவரும் பல வாரங்களையும் இங்ஙனமே கணித்துவிடலாமோ? அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிறந்துவிட்ட புயலின் அலையை நாம் பின்தொடரலாம். பிறவாத புயலை எங்ஙனம் பின்தொடர்வது? அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் நாளடைவில் வானிலையை முற்றிலும் மாற்றிவிடும் எனக் காட்டிற்று. நாள்தோறுமான வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குமேல் திட்டமாகக் கூறுதல் அரிது என்பது அறிஞர் கருத்து. எனவே முதல் வாரக் கணிப்பை உறுதியுடன் கொள்ளலாம். அதற்கு அப்பாற்பட்டதைப் பருவத்தின் இயல்பாக மட்டுமே கொள்ளவேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். குமரிமுனைக்குத் தெற்கே அண்டார்டிகா வரையில் பெருநிலம் எதுவுமில்லை. தென்கடலின் புயல்கள் எழுப்பும் அலைகள் தடையின்றி நம்மை நோக்கி வருகின்றன. கோடையில், அருகில் புயலொன்றும் இல்லாத நாளில், கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதைக் கேரளத்து மீனவரும் குமரிக்கரை மீனவரும் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் அப்பெயர் பெற்றது. இன்று அக்கள்வனுக்கும் மணி கட்டியாயிற்று. 1999-இல் தோன்றி ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அத்தகைய அலைகளை நாள்கள் முன்னதாகவே கணித்து எச்சரிக்கிறது.

2024 மே மாதத் தொடக்கத்திலும் அம்மையம் எச்சரித்தது. ஏப்ரல் மாத இறுதியில் தென்கடலில் எழுந்த அலைகள் அப்போது நம் கரையை நெருங்கிக்கொண்டிருந்தன. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். உயிர்காக்கும் கலையைக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள்! இறந்தோரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அறிவியல் அறிந்துவைத்த செய்தி, அறியவேண்டியவரின் செவியை அடையும் வழி இன்னும் நீண்டிருக்கிறது என்பதையே அந்நாள் நமக்குக் காட்டுகிறது.

ஆதலால் மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கடற்கரைக்குப் புறப்படுமுன் அன்றைய வானிலை அறிக்கையோடு அலை அறிக்கையையும் கேளுங்கள். தெளிந்த வானத்தைக் கண்டு கடலை மதிப்பிடாதீர்கள். உங்கள் காலடியில் உடையும் அலை, ஒரு வாரத்திற்குமுன் எங்கோ வீசிய காற்றின் விளைவாக இருக்கலாம். செல்லவேண்டாம் எனச் செங்கொடி நாட்டிய இடத்திலும், மீனவர் படகைக் கரையேற்றி வைத்திருக்கும் நாளிலும் நீரில் இறங்காதீர்கள். நீங்கள் அறிந்ததை அருகிலிருப்போர்க்கும் எடுத்துக் கூறுங்கள்.

ஃபிட்ஸ்ராய் தந்தியைத் துணைகொண்டார். ஸ்வெர்ட்ரூப்பும் மங்க்கும் கணக்கைத் துணைகொண்டனர். நாம் செய்யவேண்டுவது செவிசாய்த்தல் ஒன்றே. யானையின் மணியோசை கேட்டு ஒதுங்கிய சிறுவனை எவரும் கோழை என்பதில்லை. அலையின் மணியோசை கேட்டுக் கரையில் நின்றவனும் அறிவுடையவனே.