காத்திருந்த நாய்கள்

நாய் என்றாலே "நன்றியுள்ள பிராணி" என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். சோறு போட்ட கைக்கு நன்றி காட்டும் என்பதுதான் அதன் பொருள். பல ஆண்டுகள் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சொல் நாய்க்குப் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்த சொல் வேறு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர்போனது. இரா. நாகசாமி தொல்லியல் துறையை நடத்திய காலத்தில், 1972இல், அவை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளிவந்தன. அங்கே எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு கல். வட்டெழுத்தில் பொறித்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட செய்தியை அது சொல்கிறது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்திருந்தது என்று கல் முடிகிறது.

காத்திருந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் காவல் காப்பதற்கும் ஒருவருக்காகக் காத்திருப்பதற்கும் வேர் ஒன்றே. காவல் காத்தது என்று கொண்டாலும் சரி, எசமானுக்காகக் காத்திருந்தது என்று கொண்டாலும் சரி, விட்டுப் போகவில்லை என்பதே பொருள். இதை வாங்கிய சோற்றுக்குக் கொடுத்த விலை என்று என்னால் எண்ண முடியவில்லை.

இன்னொரு கல் நம் தஞ்சாவூர்ச் சரித்திரத்தோடு நேராகத் தொடர்புள்ளது. 949இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் நடந்த போரில், முதலாம் பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். சோழநாட்டுக்குப் பேரிடி அது. அந்தச் செய்தியைச் சொல்லும் முக்கியமான சான்றுகளில் ஒன்று, கர்நாடகத்தில் மண்டியா பக்கம் உள்ள ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் செதுக்கியிருப்பது இளவரசனையும் இல்லை, யானையையும் இல்லை. ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சி. மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாக ஊரோ பொன்னோ கேட்காமல் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அது பெரிய பன்றியோடு போராடி, பன்றியையும் கொன்று தானும் செத்தது. அதற்காக நட்ட கல் அது. ஒரு பட்டத்து இளவரசனின் சாவு நமக்குத் தெரியவருவதில் ஒரு நாய்க்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர்கள் குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கஹ்ஃபு அத்தியாயம் ஓதும் நண்பர்களுக்குக் குகைத்தோழர்களின் நாயைத் தெரியும். இளைஞர்கள் உள்ளே நெடுங்காலம் உறங்க, வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாய். அங்கேயும் அது செய்த வேலை காத்திருந்ததுதான்.

இன்றைய அறிவியல் இதை வேறு வழியில் பார்க்கிறது. 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே சுரப்பு. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை. அதாவது நம்மைக் கண்ணோடு கண் பார்ப்பது நாய் நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து பெற்ற குணம்.

நாலடியார் இதற்கும் மேலே போகிறது. பலநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்மேல் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலை ஆட்டும் என்கிறது. வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது 2018 நவம்பரில்.

கஜா புயலுக்கு முந்தைய நாள், தோப்பில் இருந்த நாயைக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காற்று இவ்வளவு அடிக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். மறுநாள் விழுந்த தென்னைகள் வழியெல்லாம் கிடந்தன. தோப்புக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. கொட்டகை தரைமட்டம். தூண் சாய்ந்து கயிறு அறுந்திருந்தது. நாய் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். அறுந்த கயிற்றோடு அந்த இடத்திலேயே படுத்திருந்தது. பின்னங்கால் நசுங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழ முடியாமல் வாலை மட்டும் ஆட்டியது. கட்டிப்போட்டவன் நான். அதன் கணக்கில் அது வரவே இல்லை.

கால் தேறி, நொண்டி நொண்டி மூன்று ஆண்டுகள் இருந்தது. புதிதாக வைத்த தென்னங்கன்று ஒன்றின் பக்கத்தில் புதைத்தோம். கல் எதுவும் நடவில்லை. எடுத்தனூர்க்காரர்கள் தங்கள் நாயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாயின் பெயர் மணி.